ஞாயிற்றுக்கிழமை டோக்கன் கொடுக்கலாமா?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 33. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. ஒரு பெண் குழந்தை. ஏழு வருடம் சேர்த்த பணம் 11 லட்சம் இருக்கிறது. மதுராந்தகம் பக்கம் ஒரு லேஅவுட்டில் 1,200 சதுர அடி மனை, சதுர அடி 900 ரூபாய் என்கிறார்கள். ஈ.சி. (வில்லங்கச் சான்று) கிளீன், பட்டா ரெடி, மூன்று வருடத்தில் டபுள் ஆகிவிடும் என்கிறார் புரோக்கர். வரும் ஞாயிற்றுக்கிழமை வேனில் சைட் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். அன்றைக்கே 50,000 ரூபாய் டோக்கன் கொடுத்தால் சதுர அடிக்கு 50 ரூபாய் குறைப்பார்களாம். பற்றாததற்கு பர்சனல் லோன் போடலாம் என்று இருக்கிறேன். இதுதான் எங்கள் முதல் முதலீடு. வாங்கலாமா?

பதில்:

டோக்கன் கொடுக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சைட்டுக்குப் போய் வாருங்கள், மனையை நன்றாகப் பாருங்கள். ஆனால் அன்றைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த மனை மோசம் என்று நான் சொல்லவில்லை, நல்ல மனையாகவே இருக்கலாம். அது நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள உங்களுக்குக் குறைந்தது பதினைந்து நாள் வேண்டும். அந்தப் பதினைந்து நாளைத்தான் அவர்கள் 60,000 ரூபாய் தள்ளுபடி என்று சொல்லி உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

செங்கல்பட்டில் வழக்கறிஞராக இருக்கிறேன். 22 வருடமாக வங்கிகளுக்கும் தனி ஆட்களுக்கும் பத்திரம் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதித் தருவதுதான் என் முக்கிய வேலை. என்னிடம் அழுதபடி வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பத்திரம் பார்க்கத் தெரியாமல் மாட்டியவர்கள் அல்ல. பணத்தைக் கொடுத்துவிட்டு அதற்கப்புறம் பத்திரத்தைக் கொண்டுவந்தவர்கள். பணம் கைமாறும் வரைக்கும் புரோக்கர் உங்களைத் தேடி வருவார், கேட்ட காகிதத்தைக் கொண்டுவருவார். டோக்கன் கொடுத்த மறுநாள் முதல் நீங்கள் அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், ஆட்களின் பெயர் வேண்டாம். வளைகுடாவில் பதினோரு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர் ஒருவர், மனைவியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கிரவுண்டு மனை, 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. “சும்மா ஒரு பார்வை பாருங்க சார், எல்லாம் பக்காவா இருக்கு” என்று ஃபைலை வைத்தார். உண்மையிலேயே பக்காவாகத்தான் இருந்தது. அப்பா இறந்தபின் இரண்டு அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றிருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயரும் அவர்கள் இருவர் பெயரும் இருந்தன, அம்மாவும் கையெழுத்துப் போட்டிருந்தார். ஈ.சி.யில் ஒரு குறையும் இல்லை. நான் வழக்கம்போல தாய்ப்பத்திரங்களை, அதாவது அந்த நிலம் முன்பு கைமாறிய பழைய பத்திரங்களை, பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன். அந்த அப்பா பல வருடங்களுக்கு முன் வேறொரு நிலத்துக்கு எழுதிய ஒரு செட்டில்மென்ட் பத்திரத்தின் நகலும் ஃபைலில் தவறிப்போய்ச் சேர்ந்திருந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில், பழைய கையெழுத்தில், “எனக்கு இரண்டு ஆண் மக்களும் மூன்று பெண் மக்களும் உள்ளனர்” என்று ஒரு வரி. அந்த மூன்று பெண்கள் வாரிசுச் சான்றிதழில் இல்லை.

புரோக்கரைக் கேட்டால், “அதெல்லாம் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சு சார், சீர் செஞ்சாச்சு” என்றார். சீர் செய்தால் பங்கு போய்விடாது. அப்பா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே, அப்போது திருமணமாகாத மகள்களுக்குச் சம உரிமை கொடுத்துவிட்டது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக அந்த மூன்று பெண்களில் யார் வேண்டுமானாலும் நாளைக்குப் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒருவர் மும்பையில், ஒருவர் அண்ணன்களோடு பேச்சுவார்த்தையே இல்லாதவர். காரியம் நடக்கவில்லை. கொடுத்த 3 லட்சம் பத்தும் இருபதுமாக 14 மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அவர் அதிர்ஷ்டக்காரர் என்றே சொல்வேன், கிரயம் முடியவில்லையே. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வந்திருந்தால் என் கட்டணம் மட்டும்தான் செலவாகியிருக்கும்.

உங்கள் லேஅவுட்டிலும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: இந்த நிலம் லேஅவுட் ஆவதற்கு முன் யாருடையது, அவர்கள் குடும்பத்தில் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் போடவில்லை? வாரிசுச் சான்றிதழைத் தாசில்தார் கொடுத்தார் என்பதற்காக அப்படியே நம்பாதீர்கள். பழைய பத்திரங்களில் வரும் பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கிராமத்தில் விசாரியுங்கள். அந்தக் குடும்பத்தில் அப்போது மைனர் யாராவது இருந்து, அவர் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் அவர் அந்தக் கிரயத்தை எதிர்க்கலாம். பவர் (உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வைத்து விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்துவிட்டாரா என்று பாருங்கள். வெறும் பவர் பத்திரமும் அக்ரிமென்டும் கையில் இருந்தால் சொத்து உங்களுடையது ஆகாது, பதிவான கிரயப் பத்திரம்தான் உரிமை தரும் என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்து ஈ.சி. “ஈ.சி. கிளீன்” என்ற வார்த்தையைக் கேட்டால் நம் ஆட்களுக்கு நிம்மதி வந்துவிடுகிறது. வில்லங்கச் சான்று என்பது, நீங்கள் கேட்ட சர்வே எண்ணில், நீங்கள் கேட்ட தேதிகளுக்குள், பதிவான பத்திரங்களின் பட்டியல். அவ்வளவுதான். பதிவு செய்யாத உயில் அதில் வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. விட்டுப்போன மகள் வரமாட்டாள். லேஅவுட் போட்ட நாளிலிருந்து மட்டும் ஈ.சி. எடுத்துக் கொடுப்பது சிலர் வழக்கம். அதில் என்ன இருக்கும்? மனை விற்ற பதிவுகள்தான் இருக்கும். குறைந்தது 30 வருடத்துக்குக் கேளுங்கள். அடமானம் வைத்த சொத்தை மீட்கக் கேட்கும் வழக்குக்கும், அரசு தொடுக்கும் வழக்குக்கும் காலவரம்பு 30 வருடம். வக்கீல்கள் முப்பது வருடம் என்று பிடிவாதமாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

பதிவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே ஈ.சி. பார்க்கலாம், பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் போதாது. 112/3ஏ என்றால் 112/3 என்றும் தேட வேண்டும், அதற்கு முந்தைய பழைய சர்வே எண் இருந்தால் அதையும் தேட வேண்டும். கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்திருக்கலாம், அங்கேயும் பார்க்க வேண்டும். இணையத்தில் இல்லாத பழைய வருடங்களுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்து மேனுவல் ஈ.சி. வாங்க வேண்டும்.

பட்டா ரெடி என்கிறாரே, யார் பெயரில் ரெடி என்று கேளுங்கள். கூட்டுப்பட்டாவா, தனிப்பட்டாவா? வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் வரைபடம்) மூன்றையும் இறக்கிக்கொள்ளலாம். பலர் பட்டாவோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அ-பதிவேடு. நிலத்தின் வகைப்பாடு அதில்தான் இருக்கிறது: புஞ்சையா, நஞ்சையா, புறம்போக்கா, மேய்க்காலா, ஓடையா, கோயில் பெயரில் இருக்கிறதா. கோயில் நிலம், வக்பு நிலம், பஞ்சமி நிலம் என்றால் எத்தனை கை மாறியிருந்தாலும் உங்களுக்கு நிம்மதி கிடையாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பஞ்சமி நிலப் பிரச்சினை நிறைய உண்டு. 1892-இல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது, வேறு யாரும் வாங்க முடியாது என்ற நிபந்தனையோடு. அதை மறைத்து விற்பது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட. நாம் அதில் பங்குதாரராக வேண்டாம்.

லேஅவுட் அப்ரூவல் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, கேட்க மறந்திருப்பீர்கள். நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி) அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) தந்த அனுமதி எண் வேண்டும். “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அதன்பின் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய லேஅவுட்களுக்கு 2017-இல் அரசு, அவற்றை முறைப்படுத்திக்கொள்ள வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. உங்களுடையது புதிய லேஅவுட் என்றால் அந்த வழியே கிடையாது. அப்புறம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் ஆணையமும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 12 சென்ட்தான், எனவே வேன் வைத்துக் கூட்டிப்போகிற எந்த லேஅவுட்டுக்கும் பதிவு தேவை. அதை விற்கும் புரோக்கருக்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பதிவு செய்த அக்ரிமென்ட் போடாமல் மனை விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

அனுமதி எண்ணோடு அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலையும் வாங்கி, உங்கள் மனை எண் அதில் இருக்கிறதா, நீள அகலம் சரியா என்று பாருங்கள். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தை மனையாக விற்ற கதையெல்லாம் உண்டு. சாலைகளையும் பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். “பேஸ் டூவுக்கு அப்ரூவல் வந்துகொண்டே இருக்கிறது” என்றால், வந்தபின் பேசலாம் என்று சொல்லுங்கள்.

இனி சைட்டுக்கு வருவோம். வக்கீல் தொழிலில் நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்ல வேண்டும். ஆரம்ப வருடங்களில் காகிதத்தை மட்டும் பார்த்து ஒரு மனைக்கு நல்லபடியாக ஒப்பீனியன் எழுதிக் கொடுத்தேன். பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. மனையின் நடுவே வாய்க்கால் ஓடியது. கோடையில் மண்ணைத் தள்ளி மூடிவைத்திருந்தார்கள், மழையில் தண்ணீர் தன் வழியைத் தேடிக்கொண்டது. புலப்படத்தில் அந்த வாய்க்கால் கோடு தெளிவாக இருந்தது, நான் அதை எடுத்து வைத்துப் பார்க்கவில்லை. அந்தக் குடும்பம் இன்னும் அதில் வீடு கட்டவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன். வேனில் போய்ப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அவர்கள் சாப்பாடு போட்டு, நிழலில் உட்கார வைத்து, மனையில் பத்து நிமிடம் நிற்க விடுவார்கள். இன்னொரு நாள் நீங்களும் உங்கள் மனைவியும் பைக்கில் தனியாகப் போங்கள். புலப்படத்தை பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மதுராந்தகம் ஏரிப் பாசன ஊர், சுற்றிலும் நஞ்சையும் வாய்க்காலும் தாழ்ந்த இடமும் நிறைய. ஐப்பசி, கார்த்திகையில் இந்த மனையில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று பக்கத்து வயலில் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள், அவருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து மனை வரை வரும் பாதை யாருடையது என்று பாருங்கள். அளப்பதற்கு உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். நட்ட கல்லை நகர்த்திவைக்க ஒரு கடப்பாரை போதும்.

சரி, பணக் கணக்கு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். தள்ளுபடி விலையான 850 ரூபாய்க்கே முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மனை விலை 10,20,000. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 71,400. பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 20,400. புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் என்றால் 10,200. வக்கீல், சர்வேயர், பத்திரம் எழுதும் செலவு எல்லாம் சேர்த்து 15,000 போடுங்கள். மொத்தம் 11,37,000. உங்கள் ஏழு வருடச் சேமிப்பு முழுவதும் போய், மேற்கொண்டு 37,000 கடன். அடுத்த மாதமே குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாலும், உங்களுக்கு வேலையில் ஏதாவது என்றாலும், அந்த மனையை விற்றுத்தான் சமாளிக்க வேண்டும். அவசரத்துக்கு விற்கிற மனைக்கு யாரும் சந்தை விலை தரமாட்டார்கள்.

பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு, 2025 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. இந்த மனை 20,000 ரூபாயில் அந்த எல்லையைத் தாண்டுகிறது. “பத்திரத்தில் குறைத்துப் போட்டுக்கலாம்” என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அது குற்றம். அதோடு, நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாக இருப்பதால் மூலதன ஆதாய வரியும் கூடும், இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம். பேரம் பேசி உண்மையிலேயே 10 லட்சத்துக்குள் முடித்து உங்கள் மனைவி பெயரில் பதிந்தால் அது நியாயமான லாபம்.

மூன்று வருடத்தில் டபுள் என்றால் வருடத்துக்கு 26 சதவீதம் ஏற வேண்டும். வேறு மாதிரி யோசித்துப் பாருங்கள். இந்த 11,37,000-ஐ ஏழு சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 16 லட்சம் ஆகும். அந்த மனை அதற்கு ஈடாக வேண்டுமென்றால் அப்போது சதுர அடி 1,330 ரூபாய்க்கு விலை போக வேண்டும். காலி மனை வாடகையும் தராது. எனவே புரோக்கரின் வார்த்தையை விட்டுவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். இதே புரமோட்டர் ஐந்தாறு வருடத்துக்கு முன் அந்தப் பக்கத்தில் விற்ற லேஅவுட் எது என்று கேளுங்கள். அங்கே போய், அன்று வாங்கியவர்களில் இரண்டு பேரைப் பிடியுங்கள். என்ன விலைக்கு வாங்கினார்கள், இன்று விற்க நினைத்தால் யார் வருகிறார்கள், என்ன விலை கேட்கிறார்கள்? புது மனையை புரமோட்டர் விற்கிற விலை வேறு, வாங்கினவர் திருப்பி விற்கிற விலை வேறு. அந்த இரண்டாவது விலைதான் உங்கள் கைக்கு வரப்போகிற பணம்.

பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். வருமானம் தராத ஒரு சொத்துக்கு 12, 14 சதவீத வட்டி கட்டுவது வீட்டுச் செலவைத்தான் அரிக்கும். மனைக்கு வங்கியே கடன் தருகிறது, ஆனால் அதிலும் வீடு கட்டும் வரை வருமான வரிச் சலுகை இல்லை. ஆறு மாதக் குடும்பச் செலவை எடுத்துத் தனியாக வையுங்கள், அது இரண்டரை லட்சமோ மூன்று லட்சமோ இருக்கும். மிச்சம் 8 லட்சம்தான் உங்கள் உண்மையான பட்ஜெட், பதிவுச் செலவும் சேர்த்து. அதற்குள் கிடைக்கும் மனையைப் பாருங்கள், அல்லது இன்னும் ஒன்றரை வருடம் சேருங்கள். நிலத்தின் விலை ஓடிவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. நான் பார்த்த வரையில் ஒன்றரை வருடம் காத்திருந்து வீணாய்ப் போனவர் குறைவு.

பெரிய தொகை இல்லாமல் ரியல் எஸ்டேட்டில் கால் வைக்க வேண்டும் என்றால் பங்குச்சந்தையில் ரீட் (ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை) யூனிட்டுகள் இருக்கின்றன. எம்பசி, மைண்ட்ஸ்பேஸ் போன்றவை அலுவலகக் கட்டடங்களை வைத்திருந்து, பகிர்ந்தளிக்கக்கூடிய வருமானத்தில் 90 சதவீதத்தையாவது யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துத் தருகின்றன. ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். விலை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். பத்திர வேலை இல்லை.

எல்லாம் சரியாக இருந்து வாங்குவது என்று முடிவானால், புரமோட்டரின் வக்கீல் கொடுக்கும் ஒப்பீனியனை வைத்துத் திருப்தி அடையாதீர்கள், உங்கள் காசில் உங்கள் வக்கீலை வையுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும், அந்த விவரம் பத்திரத்தில் ஏறட்டும். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தை, நான்கெல்லையும் நீள அகலமும், கையெழுத்துப் போடும் முன் இரண்டு பேர் சத்தம் போட்டுப் படித்து வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒரு எழுத்துப் பிழைக்கு அப்புறம் பிழைதிருத்தல் பத்திரம் போட விற்றவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். பதிவு முடிந்ததும் உங்கள் பெயர் வரும் ஈ.சி. ஒன்று எடுத்து வையுங்கள். உட்பிரிவு செய்து பட்டா மாற்றும் வேலையை மறுமாதத்துக்குத் தள்ளாதீர்கள். கம்பி வேலி போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்த்து வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது சர்வே எண், அப்ரூவல் எண், ரெரா எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். “சார், வக்கீல்கிட்ட காட்டிட்டு வரேன்” என்று சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் தருகிறார்களா என்று கவனியுங்கள். தந்தார்கள் என்றால் திங்கட்கிழமை காலையில் அ-பதிவேட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.